எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். பட்டா, சாதி, வருமானம், வாரிசு என்று எந்தச் சான்றிதழுக்கும் என்னிடம் வந்து உட்கார்ந்தால் அடித்து அனுப்புவேன். வாரிசுச் சான்றுக்கு வருகிற ஆண்களோடு மட்டும் வாரத்தில் ரெண்டு சண்டையாவது நடக்கும். செத்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் விரலை மடக்கி, "மூணு பேரும்மா" என்பார்கள். மூன்றும் ஆண்பிள்ளையாக இருக்கும். பொண்ணு யாரும் இல்லையா என்று கேட்டால், "இருக்குது ரெண்டு. அதுங்களத்தான் கட்டிக் குடுத்தாச்சே" என்று பதில் வரும். கட்டிக் கொடுத்துவிட்டால் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று கத்துவேன். பேரைச் சேர்க்காமல் அடிக்க மாட்டேன், வேறு கடை பார்த்துக்கொள் என்பேன். இருபது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். வாய்க்காரி என்று பேர் வாங்கியது இதனால்தான்.

அப்படிப்பட்ட நான்தான் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "எங்க வீட்ல யாருக்கும் இல்ல டாக்டர்" என்று சொன்னேன். அவரும் "இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

நோயாளி என் தம்பி. அப்போது அவனுக்கு நாற்பத்தோரு வயது. சிங்கவரத்தில் எங்கள் நைனா விட்டுப்போன நிலத்தில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் வைத்துக்கொண்டிருந்தான். வெளிக்குப் போகும்போது ரத்தம் போனதை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்து வெந்தயமும் மோரும் குடித்தான். அப்புறம் மூலம் என்று யாரோ சொல்ல, கருணைக்கிழங்காக வாங்கித் தின்றான். சட்டை தோளில் நிற்காமல் வழுக்கின பிறகுதான் என் கடைக்கு வந்து, ஆட்கள் போகும்வரை காத்திருந்து, சொன்னான். நான் வாயில் வந்தபடி திட்டினேன். "இத எப்பிடிக்கா உங்கிட்ட சொல்றது" என்றான்.

பெருங்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்விதான் அது: உங்க குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ வந்திருக்குதா? நான் சும்மா பதில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். நைனாவுக்கு மாரடைப்பு. பெரியப்பா வயசாகிப் போனார். சித்தப்பா குடித்துச் செத்தார். தாத்தாவைப் பாம்பு கடித்தது. பங்காளி வீடுகள் ஐந்தையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, யாருக்கும் இல்லை என்றேன். படுக்கையில் கிடந்த தம்பியும் தலையை ஆட்டினான்.

ஆபரேஷன் முடிந்தது, மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, கை கால் மரத்து, மறுபடி கொஞ்சம் தேறி, ஒரு போகம் நெல்கூட அறுத்தான். அப்புறம் கல்லீரலுக்குப் போய்விட்டது. ஒன்றரை வருடம் இருந்தான். அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. எழுதி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அவன் கடைசியாகப் படுத்திருந்தபோது கட்டியின் துண்டைப் பார்த்துவிட்டு, இது பரம்பரையாக வந்தது மாதிரி தெரிகிறது என்று சொல்லி ரத்தம் எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ரிப்போர்ட் அவன் கருமாதி முடிந்து பத்து நாள் கழித்து வந்தது. நேரில் வாங்க, அவர் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க என்று போன் வந்தது. பிள்ளைகள் என்ன பிள்ளைகள், ஒரே பெண். அப்போது பத்தொன்பது வயசு, திண்டிவனத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குழந்தை கிடையாது. அவள் பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாம் அவள்தான்.

திண்டிவனம் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்கும் வருமா அத்தை?"

"அதுக்குத்தான போறோம். ஆமாவா இல்லையான்னு இன்னிக்கு கேட்டுப்புடலாம்" என்றேன். "பதில் வாங்கித் தர்றது எம் பொறுப்பு. நீ கம்முனு வா."

வாய்க்காரி பேச்சு.

மரபணுப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, குடும்பத்தைப் படமாகப் போடப் போகிறேன் என்றாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு அடிப்பது, செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. தம்பிக்குக் கட்டம் போட்டுக் கறுப்படித்துக் கோடு கிழித்தாள். பக்கத்தில் எனக்கு ஒரு வட்டம்.

"உங்க அப்பாகூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?"

"மூணு பேரு. பெரியப்பா, நைனா, சித்தப்பா."

மூன்று கட்டம் போட்டாள். பேனாவைத் தூக்கவில்லை. "பொண்ணுங்க யாரும் இல்லையா?"

"ஒருத்தங்க இருந்தாங்க. அவங்களத்தான் கட்டிக் குடு—" என்று வந்தது என் வாயில். அப்படியே நின்றுவிட்டது.

நைனாவுக்கு ஒரு தங்கை. எங்கள் அத்தை. பனமலையில் கட்டிக் கொடுத்திருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது வயிற்றில் கட்டி என்று படுத்து, நாற்பத்து நாலு வயதில் செத்தாள். நாங்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போய் அழுதுவிட்டு வந்தோம். மூன்று நாள் தீட்டு. மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வீட்டைக் கழுவி விட்டதும் எங்களுக்கு அந்தச் சாவு முடிந்தது. பங்காளி செத்தால் பதினாறு நாள் கோயிலுக்குப் போகக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. அத்தை பங்காளி இல்லை, பனமலை வீட்டு ஆள். அவளை நான் டாக்டரிடம் மறைக்கவில்லை. எண்ணிக்கையிலேயே அவள் வரவில்லை. இத்தனைக்கும் நானும் கட்டிக் கொடுத்த பெண்தான். என் சாவுக்கும் என் பிறந்த வீட்டில் மூன்று நாள்தான். எந்த வீட்டில் எனக்கு இடம் இல்லையோ அந்த வீட்டை "எங்க வீடு" என்று சொல்லி, என்னை மாதிரியே இன்னொருத்தியைக் கணக்கில் விட்டுவிட்டேன். தாலுகா ஆபீஸ் வாசலில் எவனெவனையோ பார்த்துக் கத்தினேனே, அந்தப் பயல்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"அன்னிக்கே சொல்லியிருந்தா எந்தம்பி பொழச்சிருப்பானா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவருக்கு அப்பவே முத்திப் போச்சு" என்றாள். எனக்காகச் சொன்னாளோ, உண்மையோ, தெரியாது.

அப்புறம் ரிப்போர்ட்டை விளக்கினாள். உடம்பில் எழுத்துப் பிழை திருத்துகிற மாதிரி வேலை செய்கிற ஒரு மரபணுவில், தம்பிக்கு ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம்தான் நோயைக் கொண்டுவந்ததா என்று கேட்டால், தெரியாது. ரிப்போர்ட்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. கெட்டது என்றும் சொல்ல முடியாது, தீங்கில்லாதது என்றும் சொல்ல முடியாது. நான் சண்டைக்குப் போய்விட்டேன்.

"இன்னா டாக்டர், தெரியலன்னு சொல்றதுக்கா ரெண்டு மாசம்?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உலகத்துல இதுவரைக்கும் அதிகமாப் படிச்சுப் பாத்தது வெள்ளைக்காரங்க ரத்தம்மா. அப்புறம் ஜப்பான், கொரியா பக்கம் கொஞ்சம். நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி. அதுலயும் நம்ம பக்கத்துல ஒவ்வொரு கூட்டமும் அதுக்குள்ளயே கட்டிக் குடுத்து எடுத்துட்டு வந்திருக்குது. ஒரு கூட்டத்துல இருக்குற மாற்றம் அடுத்த ஊர்லயே இருக்காது. உங்க தம்பிக்கு இருக்குற எழுத்த அந்தப் புத்தகங்கள்ல யாரும் பாத்ததே இல்ல. உங்க ஆளுங்க எல்லாருக்குமே அந்த எடத்துல அப்பிடித்தான் இருக்கலாம். இல்ல, அதுதான் நோய்க்கே காரணமா இருக்கலாம்."

இது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ழ-வும் ள-வும் ஒன்றுதான். பேரைச் சொல்லச் சொன்னால் பளனி என்பார்கள், நானும் பளனி என்றே அடிப்பேன். வெளியூரிலிருந்து வந்த தாசில்தார் பிழை என்று திருப்பி அனுப்புவார். ஊர்க்காரர் அது பிழையே இல்லை என்பார். பார்க்கிறவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

"இத எப்பிடித்தான் கண்டுபிடிக்கறது?"

"உங்க குடும்பத்துல இதே நோய் வந்த இன்னொருத்தர் ரத்தம் வேணும். அவருக்கும் அதே எழுத்து மாறியிருந்தா, இதுதான் காரணம்னு சொல்றதுக்குப் பலம் கூடும். அப்ப இந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு டெஸ்ட் போதும். இல்லன்னு வந்தா நிம்மதியா வீட்டுக்குப் போலாம். ஆமான்னு வந்தா ஒழுங்கா குடலுக்குள்ள கேமராக் குழாய் விட்டுப் பாத்து, வர்றதுக்கு முன்னாடியே தடுத்துடலாம்." என் தம்பி பெண்ணைப் பார்த்துத்தான் இதைச் சொன்னாள். "உங்க அத்தை பிள்ளைங்க யாருக்காவது வந்திருக்குதா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

பனமலை அத்தைக்கு ஒரே மகன். முறைப்படி என்னைக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டிய மாப்பிள்ளை. நிலம் போதாது என்று நைனா வேறு இடம் பார்த்துவிட்டார். கல்யாணம் கருமாதியில் பார்த்துக்கொள்வதோடு சரி, அவர் வீட்டுப் படியை நான் மிதித்து முப்பது வருடம் இருக்கும். ரெண்டு வருடம் முன்னால் குடல் ஒட்டிக்கொண்டது என்று மெட்ராசில் ஆபரேஷன் செய்துகொண்டார் எனக் கேள்விப்பட்டிருந்தேன். குடல் ஒட்டிக்கொண்டது என்ற சொல் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும், "இன்னா புள்ள, முப்பது வருஷம் கழிச்சு மாமன் நெனப்பு வந்துட்ச்சா?" என்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நெனப்பு வந்து இன்னா பண்றது, உம் பொண்டாட்டி ஊட்ல சேக்கணுமே" என்றேன். உள்ளேயிருந்து அந்த அம்மா சிரித்தது கேட்டது. அவர் மகள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்து மூன்று வயது, லட்சணமான பெண், என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டாள். முறை அதுதான். அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை செஞ்சி பக்கத்து ஊர், சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிற குடும்பம். கல்யாணத்துக்கு ரெண்டு மாதம் இருந்தது.

தனியாகப் பேச வேண்டும் என்று மாமாவை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பியின் நோயைச் சொன்னேன், ரிப்போர்ட்டைச் சொன்னேன். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றின் இடது பக்கம் மலம் இறங்குகிற பை ஒட்டியிருந்தது.

"எம் பொண்டாட்டிக்குத்தான் தெரியும். பொண்ணுக்குக் கூட சொல்லல. குடல் ஒட்டுன்னுதான் அது நெனச்சிகினு இருக்குது."

ரத்தம் வேண்டும் என்றேன். முடியாது என்றார். கல்யாணம் முடியட்டும் என்றார். நான் விடவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சம்பந்தி வீடு, பேரப்பிள்ளை என்று தள்ளிக்கொண்டே போவாய், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டேன். ஆம், அவர் முகத்தைப் பார்த்தே அப்படிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கம்மா ஆறு மாசம் படுக்கையில கெடந்துது. அண்ணன் தம்பி மூணு பேரு சிங்கவரத்துல இருந்தீங்க. எத்தினி வாட்டி வந்து பாத்தீங்க? ஒருவாட்டி. சாவுக்கு வந்தது ரெண்டாவது வாட்டி. இப்ப உங்க வீட்டுப் பொண்ணுக்குன்னதும் எங்கம்மா ரத்தம் உங்களுக்கு வேண்டியதாப் போச்சா?"

அவர் சொன்னதெல்லாம் உண்மை. "அது எங்க பொண்ணு மட்டும் இல்ல மாமா. பதில் தெரிஞ்சா உம் பொண்ணுக்கும்தான்" என்றேன்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, ஜன்னல் பக்கம் வந்து நின்று, "யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தெரிந்த லேப் ஆளை வரவழைத்து ரத்தம் எடுத்தோம். ஊதா மூடி போட்ட ரெண்டு குப்பி. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு நானே பாண்டிச்சேரிக்குப் போனேன். கூடவே குடும்பப் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். பேர், ஊர், வயசு, நோய் எல்லாம் போட்டு. டாக்டர் கையால் போட்டதே போதும், ஆனால் எனக்குத் தொழில் கர்வம். கம்ப்யூட்டரில் கோடு பிசகாமல் கட்டமும் வட்டமும் போட்டு, கறுப்பு நிரப்பி, அழகாக அடித்தேன். முதலில் எடுத்த தாளில் மாமாவின் வயசு தப்பாக வந்துவிட்டது. திருத்தி இன்னொன்று எடுத்தேன். தப்பான தாளைக் கிழிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாளை யாரும் கிழிப்பதில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், அதில் போடுவோம். விண்ணப்பம் அடிக்க வருகிறவர்களுக்குப் பிழை பார்க்க முதல் பிரதியை அதன் பின்பக்கத்தில் எடுத்துக் கொடுப்போம். பார்த்துச் சரி என்றால் நல்ல தாளில் எடுப்போம். ரஃப் தாளைப் பெரும்பாலும் இங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் வீட்டில் காட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.

பட்டா பேர் மாற்ற மனு அடிக்க வந்த ஒருவர் அப்படி மடித்துக்கொண்டு போனார். எந்த ஊர் என்று மனுவிலேயே இருந்தது, நானேதான் அடித்தேன். மாமா மகளுக்கு நிச்சயம் ஆன மாப்பிள்ளையின் ஊர். எனக்கு உறைக்கவே இல்லை. அந்த ஊர் என் கடைக்கு வாரத்தில் பத்து தடவை வரும். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பியும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"இன்னா புள்ள, எங்கம்மா பேருக்கு மேல கறுப்பு வட்டம் போட்டியாமே. எனக்குக் கறுப்புக் கட்டமாம்."

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அந்தத் தாள் இல்லை. பனமலை என்று ஊர் போட்டு, பேர் போட்டு, வயசு போட்டு, பெருங்குடல் என்று தெளிவாக அடித்த தாள். வயசு மட்டும்தான் தப்பு. மத்ததெல்லாம் சுத்தம்.

"மாமா, நான் வேணும்னு பண்ணல" என்றேன்.

"தெரியும்" என்றார். போனை வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ரெண்டு பேர் வந்தார்களாம். கொடுத்த மோரைக்கூடக் குடிக்கவில்லை. நோய் என்று ஒரு வார்த்தை பேசவில்லையாம். பையனுக்கு இப்போது கல்யாண யோகம் இல்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார், ஒரு வருடம் போகட்டும் என்றார்களாம். தட்டு மாற்றின புடவையை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாமாவின் வயிற்றில் பை இருப்பது வரை தெரிந்துவிட்டது.

நான் ஒரு வாரம் கடை திறக்கவில்லை. திறந்த அன்றைக்கு முதல் வேலையாக அந்த அட்டைப்பெட்டியைக் கொளுத்தினேன். கொளுத்தி என்ன ஆகப்போகிறது? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ஒரே ஒரு நினைப்பில்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். பதில் வரட்டும். பதில் வந்துவிட்டால், இத்தனை கேட்டுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். தம்பி பெண்ணுக்குத் தெரிந்துவிடும், மாமா பெண்ணுக்கும் தெரிந்துவிடும். இல்லை என்று வந்தால் நானே அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாளை முகத்துக்கு நேரே நீட்டலாம் என்றுகூட நினைத்தேன்.

ஏழு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். தம்பி பெண்ணுக்குப் பரீட்சை, நான் மட்டும் போனேன்.

டாக்டர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். "உங்க மாமாவுக்கு அந்த மாற்றம் இல்லம்மா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இல்லன்னா நல்லதுதான?"

"அவருக்கும் அதே நோய். ஆனா அந்த எழுத்து மாறல. அப்ப உங்க தம்பிக்கு இருந்த மாற்றம் காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. சும்மா உங்க பக்கத்து எழுத்தாத்தான் இருக்கும்."

"அப்ப காரணம் இன்னாது?"

"வேற ஏதோ ஒண்ணு உங்க குடும்பத்துல ஓடுதுன்னு தோணுது. அத்தை, தம்பி, மாமா, மூணு பேர். ஆனா இன்னிக்கு நம்மகிட்ட இருக்குற சோதனையில அது தெரியல. நம்ம ஆளுங்க ரத்தம் இன்னும் நிறையப் பாத்தாத்தான் தெரியும். பத்து வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"டெஸ்ட் பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. எதத் தேடறதுன்னே தெரியலயே. இருவத்தஞ்சு வயசுல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி குழாய் விட்டுப் பாக்கணும். நீங்களும் பாக்கணும்."

"எத்தினி வருஷத்துக்கு?"

"இருக்குற வரைக்கும்" என்றாள். அவளுக்கும் சொல்லப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அன்றைக்கே குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்தார்கள், பிறகு பார்த்தபோது ஒன்றும் இல்லை. இல்லை என்பதை நம்பும் பழக்கம் எனக்குப் போய்விட்டது.

தம்பி பெண்ணிடம் அவள் பரீட்சை முடிந்த அன்று சொன்னேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. முழுசாகக் கேட்டுக்கொண்டாள். படித்த பெண், என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டாள்.

"ஆமான்னு வந்திருந்தாக்கூடத் தேவல அத்தை" என்றாள்.

நான் அவளைத் திட்டவில்லை. பத்தொன்பது வயசுப் பெண் தனக்குப் புற்று வரும் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் தேவலாம் என்கிறாள். அவள் குடிக்காத டீயையும் நானே குடித்தேன். எதையாவது செய்ய வேண்டும் போல் இருந்தது.

மாமாவிடம் போனில் சொல்ல மனசு வரவில்லை. பனமலைக்குப் போனேன். இந்தத் தடவை வாசலில் கேலி இல்லை. நாற்காலி போட்டார், அந்த அம்மா வெளியே வரவில்லை. உனக்கு அந்த எழுத்து மாறவில்லையாம் என்று சொன்னேன். அந்த மனுஷன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இல்லையா? அப்ப எனக்குப் பரம்பரைக் கோளாறு இல்ல. அதான அர்த்தம்?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அத ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடு புள்ள. சீல் வச்சுக் குடு. நான் எடுத்துகினு போய் அவங்க ஊட்ல காட்டறேன். இன்னும் பையனுக்கு வேற எடம் பாக்கலியாம்."

"அப்பிடி இல்ல மாமா."

"நீ ஊருக்கெல்லாம் அடிக்கிறவதான? எனக்கு ஒண்ணு அடிக்கக் கூடாதா?"

அப்படி இல்லை என்பதை அவருக்கு விளக்கினேன். எனக்குத் தெரிந்த வார்த்தையை எல்லாம் போட்டு விளக்கினேன். அந்த ஒரு எழுத்துதான் இல்லை, நோய் பரம்பரையாக வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை, வேறு ஏதோ இருக்கிறது, அது எது என்று தெரியாது. பேசப் பேச என் காதுக்கே அது கிறுக்குப் பேச்சாகத்தான் கேட்டது. அவர் கடைசி வரை கேட்டார்.

"அப்ப எதுக்கு எங்கிட்ட ரத்தம் எடுத்துகினு போன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டார். தெரியும் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனேன் என்றேன். அவர் எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்விட்டார். பை மாற்றுகிற நேரம்.

சாப்பிடாமல் கிளம்பினேன். அவர் மகள் பஸ் நிற்கிற இடம் வரை வருகிறேன் என்று கூடவே வந்தாள். வழியில் எதிரே வந்த ரெண்டு பெண்கள் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் நடையில் மாற்றம் இல்லை, பழகிவிட்டது போல. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அவங்க போனது போவட்டும் சின்னம்மா. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல" என்றாள். "எங்கப்பாவுக்கு இன்னா நோவுன்னே அந்தப் பேப்பர் வந்தப்புறம்தான் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாக் குடல் ஒட்டுன்னு நெனச்சிகினு இருந்தேன். எங்க ஆயாவுக்கும் அதேதானாம்."

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்கும் வருமா?"

தம்பி பெண் கேட்டதும் இதைத்தான். அவள் ஒருத்திக்குப் பதில் வாங்கப் போய், ஒன்றும் தெரியாமல் கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த இவள் வாயிலும் அதே கேள்வியை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தெரியவில்லை என்று சொன்னேன். பாண்டிச்சேரி டாக்டருக்கும் தெரியவில்லை என்றேன். ரெண்டு வருடத்துக்கு ஒருவாட்டி பார்க்கச் சொல்கிறார்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

பஸ் வந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் படியில் கால் வைத்தபோது கேட்டாள்.

"யாரக் கேட்டா தெரியும் சின்னம்மா?"

சொல்வதற்கு என்னிடம் ஒரு ஆள் இல்லை. கண்டக்டர் ஏறச் சொன்னார், ஏறினேன்.